கிளவுஸ் அக்கா வளர்த்த கிருமிகள்

பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும், கிருமிகளை மரியாதையாக நடத்திய மனிதர் கிளவுஸ் அக்கா ஒருவர்தான் இருந்திருப்பார். "அக்கா, இந்தப் பூஞ்சை எப்போ வேலை செய்யும்?" என்று யாராவது கேட்டுவிட்டால், "செய்யும் இல்லலா, செய்வாங்க" என்று திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த மரியாதையில் பாதியைக்கூட அவர் என்னிடம் காட்டியதாக நினைவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்போது நான் விஷம் விற்றுக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். சுங்காய் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையை நான் பார்த்துக்கொண்டேன். உரம், பூச்சிமருந்து, மண்வெட்டி விற்கும் கடை. பெயர்ப்பலகையில் 'விவசாயப் பொருள்கள்' என்று நாகரிகமாக எழுதியிருந்தோம். வருகிறவர்கள் மலாய்ச் சொல்லில் "ராச்சுன் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். ராச்சுன் என்றால் விஷம். பத்தொன்பது வருடங்களாக அந்தக் கேள்விக்கு "இருக்கு, உட்காருங்க" என்று சிரித்த முகத்தோடு பதில் சொன்னவன் நான்.

அக்கா ஈப்போ பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகிற கையுறை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். பெருந்தொற்றுக் காலத்தில் மூச்சுவிடாமல் ஓடிய இயந்திரங்கள் அது முடிந்ததும் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்குறைப்பில் அக்காவும் வெளியே வந்தார். வந்தவர், தன் பெற்றோர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய பழைய தோட்டத்துப் பக்கமே வந்து சேர்ந்தார். பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தின் ஓரத்தில் பழைய தொழிலாளர் குடும்பங்கள் சில, ஆளுக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று மிளகாயும் கத்திரியும் பயற்றங்காயும் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தன.

அக்காவின் சாமான்கள் வந்த லாரியில் இருந்து இறங்கியவை ஒரு கட்டில், ஒரு ரைஸ் குக்கர், மூன்று மூட்டைக் கையுறைகள். பெட்டி நசுங்கியது, நிறம் மங்கியது என்று தொழிற்சாலை ஒதுக்கித் தள்ளியவற்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். கூடவே, தஞ்சோங் மாலிமில் நடந்த ஒரு விவசாய வகுப்பில் வாங்கிய சிறு புட்டி ஒன்றும் இருந்தது. அதற்குள் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. அதை மட்டும் அவர் லாரியில் ஏற்றவில்லையாம். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாராம்.

"இருபத்திரண்டு வருஷம் அவங்களை உள்ள விடாம வாசல்ல நின்னேன். இனிமே கூப்பிட்டு உட்கார வெச்சு சோறு போடப் போறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். வேலை போனதில் மூளை கொஞ்சம் கலங்கிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. உறுதியாகவே நம்பினேன்.

முதல் தடவை கடைக்கு வந்தபோது கொசுவலையும் மூடி போட்ட வாளியும் கேட்டார். நான் கொசுவலையை அளந்துகொண்டிருக்கும்போது, அலமாரியில் இருந்த பூச்சிமருந்துப் புட்டியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிப்பவர்போல் உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கையுறை அணியவும். முகத்தை மூடவும். காற்றடிக்கும் திசைக்கு எதிரே நின்று தெளிக்க வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் போகவும். வாசித்து முடித்துவிட்டு, பின்னால் நின்ற வாடிக்கையாளர்களைப் பார்த்து, உங்களில் எத்தனை பேர் கையுறை போட்டுத் தெளிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் தன் கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒரு மூட்டையோடு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தார். ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டேன், ஓட்டை இல்லை என்று உத்தரவாதமும் கொடுத்தார். கிளவுஸ் அக்கா என்ற பெயர் அன்றுதான் பிறந்தது. தவுக்கே முதலில் மகிழ்ந்தார். இலவசப் பொருளுக்குக் கூட்டம் சேருகிறதே. பதினொரு மணிக்குத்தான், வருகிறவர்கள் கையுறையை வாங்கிக்கொண்டு ராச்சுன் வாங்காமல் போவதைக் கவனித்தார். நான் அக்காவைவிட ஆறு வயது மூத்தவன். அன்றிலிருந்து எனக்கும் அவர் அக்காதான். எதிரியை வேறு எப்படி அழைப்பது?

கொஞ்ச நாளில் அவர் வீட்டுக் கூடத்தில் நாற்பது புட்டிகள் வரிசையாக நின்றன. அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவைத்து, பாலில் ஊற்றி, மேலே திரண்டதை எடுத்துவிட்டு, அடியில் நிற்கும் மஞ்சள் தண்ணீரில் சீனியைக் கரைத்து வைப்பார். அதில் வளருகிறவர்கள் மண்ணுக்கு நல்லவர்களாம். ஆனால் அவர்கள் வளரும்போது காற்றை விடுவார்கள். புட்டியை இறுக்கி மூடினால் வெடிக்கும். முதல் வாரத்தில் ஒன்று வெடித்து, மூடி கூரைத் தகரத்தில் பள்ளம் போட்டது. அக்கா யோசித்தார். ஒவ்வொரு புட்டியின் வாயிலும் ஒரு கையுறையை மாட்டி ரப்பர் பட்டையால் கட்டினார்.

காற்று ஏற ஏறக் கையுறை உப்பி எழுந்து நிற்கும். முதலில் உள்ளங்கை, பிறகு கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள். வேலை முடிந்தால் துவண்டு படுத்துவிடும். தோட்டத்துக் காலத்தில் விடிந்ததும் தொழிலாளர்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டை அக்கா தன் கூடத்தில் மறுபடி தொடங்கினார். காலை ஆறரைக்கு நோட்டுப் புத்தகத்தோடு நின்று, யார் கை தூக்கியிருக்கிறார்கள், யார் இன்னும் தூங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், ஏழாம் நம்பரை அவர் கண்டித்ததைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார்.

இதற்கிடையில் எங்கள் கடையில் வியாபாரம் சரிந்தது. பயற்றங்காய்க்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போது நான் செய்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். போலீஸ் சார்ஜன் ஒருவர் தன் வீட்டுச் செடிகளுக்கு உரம் வாங்க வந்தார். இப்படி ஒரு வீட்டில் நாற்பது புட்டி புளிக்கிறது, வாடை சாலை வரைக்கும் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். அத்தனையும் உண்மை. சம்சு, அதாவது கள்ளச் சாராயம், என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. உச்சரிக்காமலே புரியும்படி சொன்னேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை சார்ஜன் இரண்டு போலீஸ்காரர்களோடு போனார். நானும் தற்செயலாக அந்தப் பக்கம் போனவன்போல் வேனை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கதவு திறந்தது. கூடத்தில் நாற்பது வெள்ளைக் கைகள் விரல்களை விரித்துக்கொண்டு நின்றன. முன்னால் போன போலீஸ்காரர் தன்னையறியாமல் தன் கைகளையும் தூக்கிவிட்டார்.

இவை என்ன என்று சார்ஜன் மலாயில் கேட்டார். இவர்கள் என் தொழிலாளர்கள் என்று அக்காவும் மலாயில் பதில் சொன்னார். சார்ஜன் முகத்தில் எதையும் காட்டாமல், எல்லோருக்கும் வேலை பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டார். பெர்மிட் எதற்கு, அத்தனை பேரும் சுங்காயில் பிறந்தவர்கள் என்றார் அக்கா. பிறகு ஒரு புட்டியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். சார்ஜன் முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இதைக் குடிக்கிறவன் இருந்தால் அவனைக் கைது செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். போகும்போது அவர் கையில் ஒரு புட்டி இருந்தது. அவர் வீட்டு எலுமிச்சைக்கு ரொம்ப நாளாக உடம்பு சரியில்லையாம்.

மறுநாள் அக்கா நேராக என் மேசைக்கு வந்தார்.

"நீங்கதானே சொன்னீங்க, கடைக்கார அண்ணே?"

நான் ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

"கோவம் இல்லலா" என்றார். "போலீஸ் ஜீப்பைப் பார்த்துட்டு பத்து பேரு என்னான்னு கேட்க வந்தாங்க. நானா வீடு வீடாப் போயிருந்தா ஒருத்தரும் கதவைத் திறந்திருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு ஒரு புட்டியை மேசைமேல் வைத்தார். என் வீட்டுக் குளியலறைக் கழிவுக் குழாயில் ஊற்றச் சொன்னார். அங்கே வாடை வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி ஊற்றினாள். எங்கள் கடைச் சரக்கு ஐந்து வகையை ஊற்றியும் போகாத வாடை ஒரே வாரத்தில் போய்விட்டது. அதை நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. மனைவி எல்லோரிடமும் சொன்னாள்.

சுப்ரா அண்ணன் விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர். முதுகு போனதும் லாரியை விட்டுவிட்டு எண்ணூறு மிளகாய்ச் செடி போட்டிருந்தார். மிளகாயும் போனால் மறுபடி லாரி ஏற வேண்டும், முதுகு ஏறவிடாது. பூ பிடிக்கும் நேரத்தில் செடிகள் வாட ஆரம்பித்தன. நண்பகலில் தலை தொங்கும், மாலையில் எழும், மூன்றாம் நாள் எழாது. அவர் வாராவாரம் என்னிடம் வந்தார். நானும் வாராவாரம் முந்தியதைவிடப் பெரிய மண்டையோட்டுப் படம் போட்ட புட்டியாகப் பார்த்துக் கொடுத்தேன். செடிகள் வாடிக்கொண்டே இருந்தன.

கடைசியில் அவர் அக்காவிடம் போனார். அக்கா வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டை அறுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டு உற்றுப் பார்த்தார். அறுத்த இடத்தில் வெள்ளையாக நூல்போல் வடிந்தால் அது ஒரு நோய், வடியாவிட்டால் வேறு நோய். வடியவில்லை. வேரைத் தின்பது மண்ணில் இருக்கிற கெட்ட பூஞ்சைதான் என்றும், அதைத் தின்கிற நல்ல பூஞ்சை தன்னிடம் இருக்கிறது என்றும் அக்கா சொன்னார். தஞ்சோங் மாலிமில் இருந்து மடியில் வந்தவர் அவர்தான். பெயர் டிரைக்கோடெர்மா. சுப்ரா அண்ணன் இதைச் சரியாகக் காதில் வாங்காமல், திருக்கோடியம்மா என்று ஒரு சாமி இருக்காமே, கோயில் எந்த ஊரில் என்று என் கடையில் வந்து விசாரித்தார்.

அந்தப் பூஞ்சையை வளர்க்க அக்கா வைத்திருந்த ஆய்வுக்கூடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, உள்பக்கமாக இரண்டு கையுறைகளை ஒட்டியிருந்தார். வெளியே இருந்து கையை நுழைத்து, உள்ளேயே வேலை செய்வார். வெளிக்காற்றில் இருக்கும் வேண்டாத பூஞ்சை உள்ளே போகாது. ரைஸ் குக்கரில் அரைவேக்காடாக வெந்த சோற்றைப் பைகளில் போட்டு, அந்தப் பெட்டிக்குள் வைத்துப் புட்டியில் இருந்து கொஞ்சம் தூவுவார். ஒரு வாரத்தில் சோறு முழுக்கப் பச்சையாகிவிடும்.

முதல் பச்சைச் சோற்றைக் கோழி எருவில் கலந்து, ஒரு நாள் காலை சுப்ரா அண்ணன் செடிகளுக்குப் போட்டார்கள். அன்று மத்தியானம் அவர் என் கடைக்கு வந்து, அதோடு கூட மருந்தும் ஊற்றலாமா என்று கேட்டார். இரண்டும் சேர்ந்தால் பலமாக இருக்கும் என்றேன். பூஞ்சையைக் கொல்லும் மருந்து. மாலையில் ஊற்றினார். நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று அதற்குப் பேதம் தெரியாது. அக்காவின் ஆட்கள் ஒரு பகல்கூட முழுசாக வேலை பார்க்கவில்லை.

அக்கா கடைக்கு வந்தார். திட்டவில்லை. என் மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுபடி சோறு வேகவைத்தார். மழை வரும் போல் இருந்தது. மழைக்கு முன் போட்டால்தான் பிடிக்கும் என்று அவசரம். இந்தத் தடவை சோறு முழுசாகப் பச்சையாகவில்லை. அங்கங்கே ஆரஞ்சு நிறம் தட்டியிருந்தது. பரவாயில்லை என்று போட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் மேலும் மூன்று வரிசைச் செடிகள் தலை தொங்கின. அக்காவின் கிருமிகள் படுத்துவிட்டன என்று சுங்காய் முழுக்கப் பேச்சு. உண்மையைச் சொன்னால், நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, சுப்ரா அண்ணன், நான், இன்னும் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு கையுறை. மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியை எடுத்து அதற்குள் ஊற்றினார். கையுறை கனத்துத் தொங்கியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருந்து முடியளவு மெல்லிய நீர்க்கம்பி ஒன்று பீச்சி, சுப்ரா அண்ணனின் ரொட்டித் தட்டில் விழுந்தது.

"இது என் பெட்டியில இருந்த கிளவுஸ்" என்றார். "ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுத்தேன். என் பெட்டிக்கு மாட்டினதைப் பார்க்கலை. இது வழியா வேற ஆளுங்க உள்ள வந்துட்டாங்க. சோறு நிறம் மாறினப்பவே கொட்டியிருக்கணும், கொட்டலை. சுப்ரா அண்ணே, உங்க மண்ணு மேல தப்பு இல்லை, உங்க கை மேல தப்பு இல்லை. தப்பு என்னோடது."

அக்கா அந்தக் கையுறையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

பத்தொன்பது வருடமாக நான் எத்தனையோ புட்டிகளை விற்றிருக்கிறேன். அவற்றில் பல பலிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். ஒரு கம்பெனிக்காரர்கூட வந்து தப்பு எங்களுடையது என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"அன்னிக்கு ரெண்டையும் சேர்த்துப் போடச் சொன்னது நான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தெரியும்லா" என்றார் அக்கா. "அதுக்குத்தானே ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்திருந்தேன்."

சுப்ரா அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நியாயமாகப் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டவிட்டிருக்க வேண்டும். அவர் நனைந்த ரொட்டித் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"தேத்தண்ணி குடிங்க அக்கா" என்றார். "குடிச்சிட்டு, மிச்சம் எத்தனை உசுரோட இருக்குன்னு போய்ப் பார்ப்போம்."

என் வேனில்தான் போனோம். செத்த செடிகளைப் பிடுங்கி எரித்தோம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வாய்க்கால் வெட்டினோம், பாத்திகளை உயர்த்தினோம். வெட்டினோம் என்றால், சுப்ரா அண்ணனின் முதுகு காரணமாக அவர் உத்தரவு போட்டார், நான் வெட்டினேன். பத்தொன்பது வருடம் மண்வெட்டி விற்றவனுக்கு அதன் கனம் அன்றுதான் தெரிந்தது. அக்கா புதிய கையுறைகளை மூன்று தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பெட்டியில் மாட்டினார். இந்தத் தடவை சோறு ஒரு பொட்டு ஆரஞ்சு இல்லாமல் பச்சையானது. புது நாற்றுகளின் வேரை அதைக் கரைத்த தண்ணீரில் நனைத்து நட்டோம். தினமும் மத்தியானம் எங்கே போகிறாய் என்று தவுக்கே கேட்டபோது, வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பொய் இல்லை.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அப்புறமும் சில செடிகள் வாடின. ஆனால் பக்கத்துச் செடிக்குப் பரவுவது குறைந்தது, பிறகு நின்றது. பெரும்பாலான செடிகள் நண்பகல் வெயிலிலும் தலை நிமிர்ந்து நின்றன. முதல் பறிப்பை என் வேனில் ஏற்றி ஈப்போ பாசார் சந்தைக்குக் கொண்டுபோனோம். கிளம்புவதற்கு முன் அக்கா ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தார். கண்ணீர் வழிந்தது. காரம் அதிகம்லா என்றார். அது காரமே இல்லாத வகை என்று சுப்ரா அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வேனின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போனோம். சுப்ரா அண்ணன் இன்றுவரை லாரி ஏறவில்லை.

அதன்பின் எங்கள் கடையிலேயே அக்காவின் பச்சைச் சோற்றுப் பைகளுக்கு ஓர் இடம் கிடைத்தது. தவுக்கே முதலில் அவற்றை ராச்சுன் அலமாரியில் வைத்தார். எதிரி வீட்டில் கொண்டுபோய்க் குடிவைக்கிறீர்களே என்று அக்கா சண்டை பிடித்ததும், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார். பைகளின்மேல் ஒட்டும் சீட்டை அக்காவே எழுதினார். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். மருந்து தெளித்த மண்ணில் உடனே போட வேண்டாம். ஆரஞ்சு நிறம் கண்டால் திருப்பித் தரவும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது நான் சுங்காயில் இல்லை. மனைவி காலமான பிறகு, மகள் வீடு பக்கத்தில் இருக்கட்டும் என்று ஈப்போவில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்கு வந்துவிட்டேன். வந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளவுஸ் அக்கா பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினார். கையில் துணி கட்டிய ஒரு வாளி. அவிழ்த்துப் பார்த்தால் மண். வெறும் மண். செடி எங்கே என்று கேட்டேன்.

"செடி பிறகு வாங்கிக்கலாம்" என்றார். "வீட்டுல யாரும் இல்லைன்னு போன்ல சொன்னீங்களே அண்ணே. அதான் இத்தனை பேரைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

வாளி பால்கனியில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா கூப்பிடுவார். ஈரம் இருக்கிறதா, வெயில் படுகிறதா, நல்ல வாசம் வருகிறதா என்று மண்ணைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். பிறகு, நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கேயும் போவதில்லை.